தெரிஞ்சா அமத்துங்கோ

கண் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இரண்டு கிழமைக்கு முன் என் கண்ணுக்கு மருந்துத் துளி வாங்க வந்து, நோயாளிகள் இருக்கும் உங்கள் வாங்கில் இருந்தேன். என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதில் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் இருட்டறைக்குள்ளிருந்து உங்களில் ஒருவரின் குரல் கேட்டது. "லைற் தெரிஞ்சா அமத்துங்கோ." நான் வேலையில் பல வருடம் சொன்ன வசனம் அது. நான் அதை மாற்ற முதலே என்னிடம் தொழில் பழகியவர்கள் வழியாகத்தான் அது உங்களிடம் வந்திருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியாட்கள் வாசித்தால் விளங்கட்டும். ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு பானை அளவு. நோயாளி நாடியை, அதுதான் மோவாயை, அதன் விளிம்பில் வைத்து, நடுவிலிருக்கும் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன வெளிச்சம் வந்து போகும். வெளிச்சத்தைத் தேடிப் பார்க்கக் கூடாது. தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமத்த வேண்டும். கடைசியில் ஒரு தாள் வரும். பார்வை உள்ள இடம் வெள்ளை, இல்லாத இடம் கறுப்பு. இவ்வளவுதான். இதில் என்ன பிழை வரப்போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அந்த வசனத்தால் ஒரு பெண்ணின் கால் முறிந்தது. உயிரே போயிருக்கும்.

முதலில் சிரிக்க ஒன்று சொல்கிறேன். ஓமந்தைப் பக்கத்து பஸ் சாரதி ஒருவர் எழுத்து அட்டை வாசிக்க வந்தார். நான் கோலை எடுக்க முதலே கடைசி வரி வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னார். கோலை அட்டையிலிருந்து நகர்த்தி வெறும் சுவரில் வைத்தேன். அதையும் வாசித்தார். வரிசையில் நின்று, முன்னால் போனவர்கள் சொன்னதைக் காதால் பாடமாக்கியிருக்கிறார். தெரியுமோ என்று கேட்டால் தெரியும் என்கிறார், உண்மைதானே, தெரியும். அது கள்ளம். கள்ளத்தைப் பிடிப்பது சுகம். நான் சொல்ல வந்தது கள்ளமே இல்லாத ஒரு மனிதரைப் பற்றி.

எனக்குத் தொழில் பழக்கியவர் வவுனியாவில் ஓர் அக்கா. வாய் கொஞ்சம் பொல்லாதது. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க முதல் அதைத் தலைகீழாகப் பிடித்து ஒருதரம் பார்ப்பார். நான் ஏன் என்று கேட்டதற்கு, "நேராப் பிடிச்சா நீ நினைக்கிறதுதான் உனக்குத் தெரியும். கவிட்டுப் பிடிச்சா அங்கை இருக்கிறது தெரியும்" என்றார். நானும் பல வருடம் அப்படிச் செய்தேன். பிறகு வேலை கைப்பழக்கமாகிவிட்டது, அந்தப் பழக்கம் போய்விட்டது.

இனி ஃபாதருக்கு வருகிறேன்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு மிசன் வீட்டில் ஓய்வாக இருந்தவர். ஓய்வு என்பது பெயருக்குத்தான். நெடுங்காலம் குருமடத்தில் மெய்யியல் படிப்பித்துவிட்டு வந்து, கடைசிக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறி, எழும்ப ஏலாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு திரிந்தார். கடலேரிக் கரையில், களப்போரத்து வீடுகளில் சிலருக்குக் கிழமை முழுவதும் வாசலுக்கு வரும் ஒரே மனிதர் அவர்தான். சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் கண் சோதனைத் தாள் வேண்டுமென்று எங்களிடம் வந்தார். வந்த இடத்தில், கொஞ்ச நாளாகக் குசினிக் கதவு நிலையில் இடத் தோள் இடிபடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். நிலை நகர்ந்துவிட்டதாக்கும் என்று நானும் சிரித்தேன். அதை நான் எழுதி வைக்கவில்லை.

கிண்ணத்துக்கு முன்னால் பரீட்சை எழுத வந்த பிள்ளை போல நிமிர்ந்து இருந்தார். தெரிஞ்சா அமத்துங்கோ என்றேன். அமத்தினார். இயந்திரம் பழையது, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். டிக், அமத்தல், டிக், அமத்தல். இவ்வளவு ஒழுங்காகச் செய்த நோயாளியை நான் கண்டதில்லை. தாள் வந்தது. எல்லாம் வெள்ளை. மேல் மூலையில் மட்டும் எச்சரிக்கைக் குறி இரண்டு விழுந்திருந்தது. வெளிச்சம் வராத நேரத்திலும் இவர் அமத்தியிருக்கிறார், தாளை நம்பாதே என்று இயந்திரம் சொல்லும் விதம் அது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இயந்திரத்துக்குத்தான் பைத்தியம் என்று. படித்த மனிதர், ஃபாதர், அவர் ஏன் இல்லாததற்கு அமத்தப் போகிறார்? கவிட்டுப் பிடித்துப் பார்க்காமல் கையெழுத்தை வைத்தேன். டொக்டர் கண்ணுக்குள் பார்த்தார், சுத்தம். என் தாளைப் பார்த்தார், அதுவும் சுத்தம். ஃபாதர் நன்றி சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு மாதம் போய் மறுபடியும் வந்தார். சீட்டு எடுக்கவில்லை. எல்லாரும் போகும் வரைக்கும் வாங்கின் கடைசியில் இருந்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. எனக்கு விசர் இல்லை. ஆனா ஒரு மனுசி என்ரை இடப்பக்கத்தில நிக்கிறா."

விபரம் கேட்டேன். சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, கோயிலுக்கு வரும் பெண்கள் போல நிற்கிறாவாம். முதலில் பூசை வைக்கும்போது தூணருகில் கண்டிருக்கிறார். பிறகு குசினி வாசலில், பிறகு வீதியோரங்களில். அவர் திரும்பினால் அவாவும் அந்தப் பக்கத்துக்கே நகர்ந்துவிடுகிறா. ஒன்றும் பேசுவதில்லை. எப்போதும் மறுபக்கம் பார்த்தபடி நிற்பதால் முகம் தெரிவதில்லை.

இப்போதும் நிற்கிறாவோ என்று கேட்டேன். ஓம், அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் என்றார். பகல் ஒரு மணி. யன்னலால் விழுந்த வெயில் நிலத்தில் கிடந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் மருந்துப் பெட்டியும் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் என் கதிரையைக் கொஞ்சம் மற்றப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

எங்கள் மண்ணில் இப்படி ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு ஒரு கேள்விதான் முதலில் வரும். அது யாருடைய ஆள்? சண்டையில் போனவர்களாக எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்த முகங்கள் கனக்க இருக்கின்றன. அந்தக் கேள்வியை நான் விழுங்கிக்கொண்டேன். பயிற்சிக் குறிப்பில் படித்தது நினைவுக்கு வந்தது, அதைத்தான் சொன்னேன். பார்வை குறைந்துபோனவர்களுக்கு, இல்லாமற்போன இடத்தை மூளை சும்மா விடாது, தானே ஆட்களையும் பூக்களையும் போட்டு நிரப்பும். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. பலருக்கு வருகிறது, வெளியில் சொல்லப் பயந்து மறைக்கிறார்கள்.

ஃபாதரின் முகம் அப்படியே மலர்ந்தது. நோயாளி போய் வாத்தியார் வந்துவிட்டார். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் இதைப் பற்றிப் பெரிய வழக்கு நடந்தது என்றார். ஒரு கட்சிக்காரர் சொன்னார்களாம்: பொருட்கள் தம் சாயலை அனுப்புகின்றன, கண் அதை வாங்குகிறது, மெழுகில் முத்திரை விழுவதுபோல. மற்றக் கட்சிக்காரர் அதை ஏற்கவில்லை. உடம்பு கீழானது, ஆன்மா மேலானது, கீழே உள்ளது மேலே உள்ளதில் எப்படி அடையாளம் வைக்கும் என்று கேட்டார்கள். உடம்பில் ஓர் அசைவு வரும்போது ஆன்மா அதைக் கவனித்து, தனக்குள்ளிருந்து தானே சாயலைச் செய்கிறது என்றார்கள். பார்ப்பது என்பது நமக்கு நடப்பதல்ல, நாம் செய்வது. அதற்குச் சாட்சியாக, யோசனையில் மூழ்கியவன் கண்ணைத் திறந்தபடியே முன்னால் போகும் சிநேகிதனைக் காணாமல் விடுகிறானே என்று காட்டினார்களாம். சாயல் கண்ணுக்குள் வந்துதானே இருக்கிறது, பின் ஏன் காணவில்லை? ஆன்மா வேலை செய்யவில்லை, அதுதான்.

இந்த இரண்டாம் கட்சியை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பகிடி பண்ணித்தான் படிப்பித்தாராம். இப்போது தன் இடப்பக்கத்தில் அவர்களுடைய சாட்சி வந்து நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பெரிய மனிதர் ஒருவர் என்னை மதித்து இவ்வளவு சொல்கிறார் என்ற பெருமையும் இருந்தது. போகும்போது வாசலில் நின்று, வீதியில் அவா குறுக்கே நிற்பதுபோல இருந்தால் மோட்டார் சைக்கிளைத் திருப்பட்டோ என்று கேட்டார்.

"இல்லாத ஆள்தானே ஃபாதர். கணக்கெடுக்காதேங்கோ" என்றேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, என் பிழை எங்கே என்று யோசியுங்கள். நான் அதைக் கண்டுபிடிக்க ஒரு பெண் விழ வேண்டியிருந்தது. பார்வை இல்லாத இடத்தைத்தான் மூளை நிரப்புகிறது என்று என் வாயால் சொன்னேன். இவருக்குப் பார்வை இல்லாத இடமே கிடையாது என்று என் கையால் எழுதி வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. இடப்பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறா என்றால் இடப்பக்கத்தில் பார்வை இல்லை. ஒரு பழைய தாளை வெளியே எடுத்துப் பார்க்கும் அளவு வேலைதான் அது. நான் எடுக்கவில்லை.

பெரும்போக நெல் வெட்டு முடிந்த நாட்கள். புதுக்குடியிருப்பு வீதியில் உடையார்கட்டுப் பக்கம் வீதியின் இரு ஓரமும் நெல் காயப் போட்டிருப்பார்கள். பாதி வீதி நெல், பாதி வீதி தார். புவனேஸ்வரி என்ற பெண் தன் வீட்டு நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றிருக்கிறா. நாற்பது வயதிருக்கும். வெயிலுக்குத் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தா. ஃபாதரின் மோட்டார் சைக்கிள் வேகமில்லாமல், ஆனால் கொஞ்சமும் விலகாமல் வந்து அவாவை அடித்தது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. தலை மைல்கல்லில் படாமல் ஒரு முழத்தில் தப்பியது என்று தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அடித்தது யார் என்று அறிந்ததும் வேலையை விட்டு எழும்பினேன். வார்ட்டுக்குப் போனேன். நான் யாரென்று அவாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சட்டையைக் கண்டதும் சொல்லத் தொடங்கினா.

"மிஸ், அவர் கவனிக்காமல் வரேல்லை. என்ரை பக்கம் பாத்துக்கொண்டுதான் வந்தவர். ஹோர்ன் அடிக்கேல்லை. பிறேக் பிடிக்கேல்லை. நான் கும்பிட்டுக்கூட நிண்டனான், சாமியார் எல்லோ எண்டு. ஒரு ஆள் நிக்கிறதைப் பாத்துக்கொண்டு எப்பிடி மிஸ் ஒரு சாமியார் வந்து அடிக்கிறது?"

ஃபாதர் மற்ற வார்ட்டில் இருந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என்னைக் கண்டதும் எழும்பி இருந்தார். ஒருவரும் கேட்காமலே சொன்னார்.

"எனக்கு அவா கண்ணில தெரிஞ்சவா பிள்ளை. அதாலதான் நிப்பாட்டேல்லை. நீர் சொன்னபடி கணக்கெடுக்கேல்லை."

கொஞ்ச நேரம் கழித்து, தனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது என்றார். இவ்வளவு நாளும் அசையாமல் மறுபக்கம் பார்த்து நின்ற அந்தப் பெண், அன்றைக்கு மட்டும் காலால் எதையோ கிளறிக்கொண்டு நின்றாவாம். கிட்ட வரும்போது முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டாவாம். முகம் கண்டீர்களோ என்று கேட்டேன். கண்டேன் என்றார்.

ஃபாதரை வவுனியாவுக்கு அனுப்பித் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கத்தில் வலப்புறமாக ஒரு பழைய அடைப்பு. இரண்டு கண்ணும் நல்ல கண். ஆனால் இரண்டிலும் இடப் பாதிப் பார்வை போய்விட்டது. திருவிழா நாள் ஒன்றில் தலையிடி வந்து வெயிலென்று நினைத்துப் படுத்துவிட்டாராம், அன்றைக்கு நடந்திருக்கும். அப்படியென்றால் இடப்பக்கம் நின்று கும்பிட்ட புவனேஸ்வரியை அவர் எப்படிக் கண்டார்? டொக்டரிடம் கேட்டேன். ஏதாவது ஒரு கீற்று மிச்சம் இருந்திருக்கலாம், மூளை அதைத் தன் கைவேலையோடு சேர்த்துத் தைத்திருக்கலாம் என்றார். இருக்கலாம். எனக்கு அந்த விடை இன்றைக்கும் போதவில்லை.

அன்று பின்னேரம் பழைய தாளைத் தேடி எடுத்தேன். கவிட்டுப் பிடித்தேன். மேல் மூலையில் இருந்த எச்சரிக்கைக் குறி இரண்டும் கீழே என் பெருவிரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அதற்கு நேரே என் கையெழுத்து. தாளை எடுத்துக்கொண்டு புவனேஸ்வரியிடம் போனேன். மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொல் என்று உங்களுக்கு யாராவது புத்தி சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். கேட்டிருந்தால் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டேன். கட்டிலருகில் நின்று, இவருக்கு முழுப் பார்வை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது நான்தான் என்றேன்.

அவா தாளை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தா.

"அப்ப நீங்களும் பாத்துக்கொண்டுதான் செய்தனீங்களோ?"

"பாத்தனான். தெரியேல்லை."

அவா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. நெல்லை யார் அள்ளினார்களோ தெரியாது என்று சுவரிடம் சொன்னா. அவா என்னை மன்னித்ததாக நான் இங்கே எழுதினால் அது பொய். இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறா. கண்டால் தலையாட்டுவா.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஃபாதர் சைக்கிளை விடச் சம்மதிக்கவில்லை. தனக்கு எல்லாம் முழுதாகத்தான் தெரிகிறது, ஓட்டை ஒன்றும் இல்லை, தலையில் எடுத்த படத்தில்தான் ஏதோ பிழை என்றார். படுக்கையில் கிடப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். மெதுவாகத்தானே ஓடுகிறேன் என்றார். அவரைப் பிடித்து வைக்க எங்களால் முடியாது. அவரே நம்பினால்தான் உண்டு. டொக்டர் என்னைத் திரும்பச் சோதிக்கச் சொன்னார்.

அதே அறை, அதே கிண்ணம். நானும் அதே ஆள்தான்; வாயிலும் அதே வசனம். தெரிஞ்சா அமத்துங்கோ ஃபாதர். அவர் நிமிர்ந்து இருந்தார். டிக், அமத்தல். டிக், அமத்தல். நான் தாளைப் பார்க்காமல் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் கரண்ட் ஒருதரம் துடித்து வந்தது. இயந்திரம் நிற்கவில்லை. டிக், அமத்தல். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எழும்பிப் போய் அவர் தோளுக்கு மேலால் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

நடுப்புள்ளியைத் தவிர உள்ளே ஒரு வெளிச்சமும் இல்லை. கரண்ட் துடித்தபோது பல்ப் எரிந்துபோயிருக்கிறது. வெறும் வெள்ளைக் கிண்ணம். டிக் என்றது. ஃபாதர் அமத்தினார். மறுபடியும் டிக். மறுபடியும் அமத்தினார், சந்தோசமாக.

நிறுத்தியிருக்க வேண்டும் என்பீர்கள். நான் நிறுத்தவில்லை. இந்த மனிதரை எந்தப் படமும் நம்ப வைக்காது, இது நம்ப வைக்கும் என்று பட்டது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஃபாதர், தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. நல்லாத் தெரியுது. இடப்பக்கம்தான் கூட."

பகல் பத்து மணிக்கு, கதவுக்கு வெளியே ஆட்கள் இருமிக்கொண்டும் கதைத்துக்கொண்டும் இருக்கும்போது, என்னோடு அந்த அறையில் இருந்த ஒரு மனிதர் நான் காணாத வெளிச்சங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, லைற்றைப் போட்டு, பல்ப் எரிந்து கனநேரம் என்று சொன்னேன்.

அவர் நாடியை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"அப்ப இவ்வளவு நேரமும் ஆர் காட்டினது?"

அவரே யோசித்தார். சத்தம் கேட்டது, வெளிச்சம் வரப்போகிறது என்று தெரிந்தது, தெரிந்ததும் அமத்தினேன், நீர் அப்படித்தானே சொன்னீர் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். தமிழில் தெரிகிறது என்றால் கண்ணுக்கு வருவதும் அதுதான், மனத்துக்கு விளங்குவதும் அதுதான். 'எனக்குத் தெரியுது' என்று சொல்பவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், யாரோ போடுகிறார்கள். 'நான் பாக்கிறன்' என்று சொல்பவன் எழும்பிப் போகிறான். அந்தக் காலத்து இரண்டு கட்சிக்கும் எங்கள் பாசை சொல் வைத்திருக்கிறது என்று அவர் வகுப்பில் சொன்னதுண்டாம். ஆனால் கையை நீட்டி நிற்பவனின் கையில் அவனே போட்டுக்கொள்வான் என்பதைத் தான் யோசிக்கவில்லை என்றார்.

அலுமாரியிலிருந்து புது பல்ப் எடுத்துப் போட்டேன். வசனத்தை மாற்றினேன். அன்றிலிருந்து நான் சொன்னது இதுதான், நீங்களும் இதையே சொல்லுங்கள்: "வெளிச்சம் கண்ணில பட்டா மட்டும் அமத்துங்கோ. படாட்டி சும்மா இருங்கோ. சும்மா இருக்கிறதும் சரியான மறுமொழிதான்." காதுக்குப் பஞ்சும் கொடுத்தேன். ஃபாதர் சும்மா இருந்தார். நீண்ட நேரம் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தல் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்ததென்று விரலில் தெரிந்தது.

தாள் வந்தது. நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி, இடப் பாதி கறுப்பு, வலப் பாதி வெள்ளை. அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ஏறிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் நிம்மதி.

"முழுக்க வெள்ளை எல்லோ பிள்ளை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது; மறைக்கவில்லை. தாளின் கறுப்புப் பாதி அவர் காணாத பாதியில் இருந்தது. இல்லாததை வெள்ளையால் நிரப்பி, தன் ஓட்டையைத் தானே மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வவுனியா அக்காவை நினைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். கறுப்பு வலப்பக்கம் வந்தது.

அவர் கனநேரம் பார்த்தார். ஒருதரம் அவரே தாளை நேராகத் திருப்பினார். மறுபடி கவிட்டார். நேராக, கவிழ. பிறகு அங்கியின் பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். மேசை விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

"இடப்பக்கம் நிக்கிற மனுசியை நான் செய்யிறன் எண்டா, வலப்பக்கம் நிக்கிற உம்மையும் நான்தான் செய்யிறன். ஒரு வித்தியாசம்தான். நான் பிழையாச் செய்தா நீர் திருத்துவீர். அவா திருத்தமாட்டா."

களப்போரத்து வீடுகளுக்கு யார் போவார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

பஸ் நிலையம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஏ9 வீதிக்கு நல்ல நடை. வெயில் ஏறிவிட்டது. வாகனம் வரும் பக்கத்தில் நான் நடப்பது என் வழக்கம். வயதான ஆளை வீதிக் கரைப்பக்கம் விட்டுவிட்டு நான் இந்தப் பக்கம் நடந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் நேரே பார்த்தபடி நடந்தார். அரைவாசித் தூரம் போயிருப்போம், நின்றுவிட்டார். வலப்பக்கம், வெறும் புல்லைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பிள்ளை, நீர் எங்கை?"

"இஞ்சை, உங்கடை இடப்பக்கம் ஃபாதர்."

அவர் திரும்பவில்லை. இடப்பக்கம் ஒரு பெண் கூடவே நடந்து வருவதை வாசலிலிருந்தே கண்டுகொண்டு வந்திருக்கிறார். அந்த மனுசிதான் என்று நினைத்து, கணக்கெடுக்காமல் வந்திருக்கிறார்.

மறுபக்கம் போகக் காலெடுத்தேன். அவர் கையை நீட்டி, காற்றில் துழாவி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கையே வாரும். ஆனா கதைச்சுக்கொண்டு வாரும். என்னவாவது கதையும்."

கதைத்தேன். ஓமந்தையில் எங்கள் வளவில் நிற்கும் பலாவைப் பற்றி, என் மருமகளின் சமையலைப் பற்றி, பஸ் சாரதி வெறும் சுவரை வாசித்ததைப் பற்றி. ஒன்றுக்கும் உதவாத கதைகள். நான் மூச்சு வாங்க நிறுத்திய ஒவ்வொரு தடவையும் முழங்கையில் அவர் பிடி இறுகியது. பஸ் வந்து, அவர் படியில் ஏறி, உள்ளே இருக்கை பிடித்து, நடத்துநர் கதவை அடிக்கும் வரைக்கும் நான் வீதியில் நின்று சத்தமாகக் கதைத்துக்கொண்டே இருந்தேன்.